மேடைக்கு முந்தைய அறை

1939 ஏப்ரல் 9ஆம் நாள் வாஷிங்டனில் எடுத்த அந்தப் படத்தை நம்மில் பலர் பகிர்ந்திருப்போம். லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டில், ஒலிவாங்கிகளுக்கு முன்னால், கனத்த மேலங்கியுடன் நின்று பாடுகிறார் மரியன் ஆண்டர்சன். எதிரே 75,000 பேர். கறுப்பினப் பாடகி என்பதால் தன் அரங்கத்தைத் தர மறுத்தது 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற அமைப்பு. அதற்குத் திறந்தவெளியில் கிடைத்த பதில்தான் அந்தக் கச்சேரி.

படத்தில் இன்னொருவரும் இருக்கிறார். கொஞ்சம் தள்ளிப் பியானோவில் உட்கார்ந்திருப்பவர். அவர் யார் என்று நாங்கள் மாலை வகுப்பில் மாணவர்களிடம் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்விக்காகப் படிக்கத் தொடங்கும் வரை எங்களுக்கும் தெரியாது. அவர் பெயர் கோஸ்டி வெஹானென், பின்லாந்துக்காரர், வெள்ளையர்.

அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆண்டர்சனுக்கு வாசித்தவர் பில்லி கிங் என்ற கறுப்பினப் பியானோ கலைஞர். 1920களில் கறுப்பினக் கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் ஆண்டர்சனோடு ஊர் ஊராகச் சுற்றியவர். கச்சேரி ஏற்பாடுகளையும் அவரே கவனித்தார். ஆண்டர்சன் ஐரோப்பா போனார். அங்கே அவருக்கு ஸ்காண்டினேவியப் பாடல்களைப் பழக்கி, சிபேலியஸிடம் அழைத்துப் போனவர் வெஹானென். 1935 டிசம்பரில் ஆண்டர்சன் நியூயார்க்குக்குத் திரும்பியபோது யாரை உட்கார வைப்பது என்ற சிக்கல் வந்தது. கறுப்பினப் பாடகிக்கு வெள்ளையர் வாசித்தால் தென் மாநிலங்களில் தொல்லை வரும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். எளிதில் எடுத்த முடிவல்ல என்பதை ஆண்டர்சனே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முடிவில் வெஹானென்தான் உட்கார்ந்தார்.

ஆண்டர்சனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடகர் மேடை ஏறுவதற்கு முன்னால் ஓர் அறை இருக்கிறது. அங்கே ஒரு பியானோ. பியானோவில் ஒருவர். எந்தப் பாட்டை எந்த மொழியில் எப்படிப் பாடுவது என்று அவர்தான் பழக்குகிறார். அந்த இருக்கைக்கு யாரைத் தயார் செய்தார்கள், யாரைச் செய்யவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மேடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறார்கள்.

(நமக்கு இது புதிதல்ல. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் நூல் எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரங்கம் தர மறுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.)

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். 'பக்கவாத்தியம்' என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வருகிறது. குரலைப் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். மூச்சு, தொண்டை, குரல் வளம் அவர் பொறுப்பு. அவருக்கு அடுத்த கட்டத்தில் வருபவர் 'வோக்கல் கோச்'. இவர் பியானோ கலைஞர். ஓபராவில் 60, 70 பேர் வாசிக்கும் இசையைப் பத்து விரல்களுக்குள் சுருக்கி வாசிப்பார். எதிரே நிற்கும் பாடகி தன் பகுதியைப் பாடும்போது, அங்கே இல்லாத மற்றப் பாத்திரங்களின் வரிகளை இவரே முனகியபடி எடுத்துக் கொடுப்பார். இத்தாலியச் சொல்லில் இரட்டை மெய்யெழுத்தை எவ்வளவு அழுத்துவது, ஜெர்மன் சொல்லின் இறுதி ஒலியை எங்கே வைப்பது, பிரெஞ்சு மூக்கொலியை எப்படி விடுவது என்று திருத்துவார். மூச்சு எங்கே வாங்கலாம் என்று குறித்துக் கொடுப்பார். பாடகிக்கு இன்று தொண்டை சரியில்லை, சுருதியை ஒரு படி இறக்க வேண்டும் என்றால், தாளில் எழுதியிருப்பதைப் பார்த்தபடியே வேறு சுருதியில் வாசிப்பார். இதற்கெல்லாம் மேலே, கண்டக்டரின் கை எப்போது எழும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனவே தனியாக மேடையில் வாசிக்கப் பழகியவரெல்லாம் இதைச் செய்துவிட முடியாது. காதுதான் இங்கே பெரிது. இன்னொருவரின் மூச்சோடு சேர்ந்து மூச்சு விடப் பழக வேண்டும். இரண்டு மூன்று மொழிகள் வேண்டும். பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறன் வேண்டும். நூற்றுக்கணக்கான பாடல்களும் பல ஓபராக்களும் விரலில் இருக்க வேண்டும். இவை வீட்டில் தானாக வருவன அல்ல. பியானோ உள்ள வீடு, ஆசிரியர், வெளிநாட்டு மொழி, ஆண்டுக்கணக்கான நேரம் எல்லாம் தேவை. அதாவது பணம் தேவை, அல்லது ஒரு நிறுவனம் தேவை.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசை நிறுவனம் 1924இல் தொடங்கியது. 1928 முதல் அங்கே யாருக்கும் கட்டணம் கிடையாது. பக்கவாத்தியப் பியானோவைத் தனிப் பாடமாக ஹாரி காஃப்மன் அங்கே கற்பித்தார். கலிஃபோர்னியாவில் க்வென்டலின் கோல்டாஃப்ஸ்கி என்ற பெண்மணி 1947இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பட்டப் படிப்பாகவே ஆக்கினார். இந்தத் துறையில் முதல் பட்டப் படிப்பு அதுதான் என்கிறார்கள். அதுவரை 'தனிக் கலைஞராக முடியாதவர் செய்யும் வேலை' என்ற இளக்காரம் இதன்மீது இருந்தது. பிற்காலத்தில் 'அக்கம்பனிஸ்ட்' என்ற சொல்லையே மாற்றி, இணைந்து வாசிக்கும் பியானோ என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறினால் மதிப்பு கூடும் என்ற நம்பிக்கை எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது போல.

நிறுவனங்கள் இதைப் பாடமாக்குவதற்கு வெகு முன்பே, நிறுவனத்துக்கு வெளியே நின்று இதைச் செய்தவர்கள் உண்டு. எல்லா ஷெப்பர்ட் 1851இல் நாஷ்வில்லில் அடிமையாகப் பிறந்தார். தகப்பன் பணம் கொடுத்து மகளை மீட்டார். சின்சினாட்டியில் பியானோ கற்க ஒரு வெள்ளை ஆசிரியர் ஒப்புக்கொண்டார். ஆனால் நிபந்தனைகள் இருந்தன: இரவில் வர வேண்டும், பின்வாசல் வழியாக வர வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. சில பாடங்களோடு அதுவும் முடிந்துபோனது.

அந்தச் சில பாடங்களோடு அவர் ஃபிஸ்க் கல்லூரிக்குப் போனார். விடுதலை பெற்றவர்களுக்காக 1866இல் திறந்த கல்லூரி அது. 1871இல் கல்லூரி மூழ்கும் நிலையில் இருந்தபோது பணம் திரட்டப் பாடகர் குழு ஒன்று புறப்பட்டது. அதுதான் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள். அந்தக் குழுவின் பியானோ கலைஞர் எல்லா ஷெப்பர்ட். ஒத்திகை பார்த்தவரும் அவர்தான். அடிமைகளின் பாடல்களைக் கேட்டுத் தாளில் இறக்கிக் குழுவுக்குப் பழக்கியதிலும் அவர் பங்கு பெரிது. வோக்கல் கோச் என்ற பெயர் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஊர் ஊராகப் பாடிச் சேர்த்த பணத்தில் கட்டிய ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் யாருக்குக் கடிதம் எழுதினாரோ, ஐ.நா.விடம் கறுப்பின மக்கள் சார்பில் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டாரோ, அந்த டு பாய்ஸ் படித்துப் பட்டம் வாங்கியது இதே ஃபிஸ்கில்தான், 1888இல்.

அடுத்தவர் ஹாரி பர்லி. நியூயார்க்கில் ஜெனட் தர்பர் என்ற பெண்மணி நடத்திய தேசிய கன்சர்வேட்டரி கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1892இல் அங்கே நுழைவுத் தேர்வு எழுதிய பர்லிக்கு மதிப்பெண் போதவில்லை. பதிவாளராக இருந்த மெக்டவல் அம்மையார் தலையிட்டுச் சேர்த்துவிட்டார். அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். அதே ஆண்டு இயக்குநராக வந்த துவோர்ஷாக்குக்கு, தன் தாத்தாவிடம் கற்ற பாடல்களைப் பாடிக் காட்டினார். அந்தத் தாத்தா பார்வை இழந்த முன்னாள் அடிமை. பிறகு பர்லி அந்தப் பாடல்களைத் தனிக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதி அச்சிட்டார். கூட்டமாகப் பாடிய பாட்டு, ஷூபர்ட்டின் பாடல்களைப் போலக் கச்சேரி மேடைக்கு வந்தது அப்படித்தான். அந்த ஒரு மாணவரைத் தேர்வுத் தாளை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'தகுதி' பற்றி யாராவது நம்மிடம் பாடம் எடுக்கும்போது பர்லியை நினைத்துக்கொள்ளலாம்.

பர்லி எழுதி வைத்ததை மேடையில் வளர்த்தவர் லாரன்ஸ் பிரவுன். 1925 ஏப்ரல் 19 அன்று நியூயார்க்கில் பால் ராப்சன் கறுப்பின மக்களின் பாடல்களை மட்டுமே வைத்து ஒரு முழுக் கச்சேரி செய்தார். பியானோவில் பிரவுன். பாடல்களில் பலவற்றை அமைத்தவரும் அவர். சிலவற்றில் சேர்ந்தும் பாடினார். அதன்பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். ராப்சனைப் பற்றித் தமிழில் நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம், பிரவுனின் பெயர் எத்தனை கட்டுரையில் வந்தது?

இனி இந்தக் கட்டுரைக்குக் காரணமானவரிடம் வருவோம்.

சில்வியா ஓல்டன் 1917இல் மிசிசிப்பி மாநிலத்து மெரிடியனில் பிறந்தார். தகப்பன் போதகர். தாய் நல்ல பாடகி, பார்வைக்கு வெள்ளையர் போலவே இருப்பார். அவருக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாட வாய்ப்பு வந்ததாகவும், குடும்பத்தை விட்டுவிட்டு வெள்ளையராகவே வாழ வேண்டும் என்று நிபந்தனை போட்டதாகவும் சில்வியா பின்னாளில் சொன்னார். தாய் மறுத்துவிட்டார். சாதியை மறைத்து நகரத்தில் வீடு பிடித்தவர்களும், பெயரை மாற்றிக்கொண்டு வேலை பார்ப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மறுப்பின் விலை அவர்களுக்குத் தெரியும். ஏற்றுக்கொள்வதன் விலையும் தெரியும்.

சில்வியாவுக்கு ஓபர்லின் கன்சர்வேட்டரியில் இடம் கிடைத்தது. ஓபர்லின் கல்லூரி 1835லேயே கறுப்பினத்தவரைச் சேர்ப்பதென்று முடிவு எடுத்த இடம். அங்கே பியானோ படிப்பை 1889இல் முடித்த ஹாரியட் கிப்ஸ் மார்ஷல், 1903இல் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்காகத் தனியாகவே ஒரு கன்சர்வேட்டரி தொடங்கினார். 1960 வரை அது நடந்தது. கதவு திறக்கட்டும் என்று காத்திராமல் வேறு வீடு கட்டிய கதை அது. தனிக் கட்டுரை கேட்கும் கதை.

1938இல் சில்வியா பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கறுப்பினப் பியானோ கலைஞருக்கு அன்று இருந்த வழி ஏறக்குறைய ஒன்றுதான்: கறுப்பினக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அலபாமாவின் டலடீகா, நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் என்று கற்பித்தார். ராப்சனுக்கு வாசித்தார். 1944இல் எவரெட் லீயை மணந்து நியூயார்க் போனார். எவரெட் வயலின் கலைஞர், கண்டக்டர். கறுப்பினக் கண்டக்டர் என்ற ஒன்றில் தனக்கு நம்பிக்கையில்லை என்று அந்த ஊரின் பெரிய கச்சேரி முகவர் ஒருவர் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். எவரெட் 1947இல் ஹார்லெமில் எல்லா இனத்தவரும் வாசிக்கும் இசைக்குழு ஒன்றைத் தானே அமைத்துக்கொண்டார். பிற்பாடு அவருக்கு நிலையான இசைக்குழு கிடைத்தது ஐரோப்பாவில்தான்.

1954இல் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பயிற்சிப் பிரிவில் சில்வியா வோக்கல் கோச்சாகச் சேர்ந்தார். அந்த ஓபரா 1883இல் திறந்தது. நடன மேடையில் ஜேனட் காலின்ஸ் 1951லேயே ஏறிவிட்டார். ஆனால் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் உட்கார 71 ஆண்டுகள் ஆயின.

அந்தப் பயிற்சிப் பிரிவின் கதையையும் சொல்ல வேண்டும். மெட் நடத்திய வானொலிப் பாட்டுத் தேர்வில் 1953இல் ராபர்ட் மக்ஃபெரின் வென்றார். வென்ற முதல் கறுப்பினத்தவர். வெல்பவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி, பிறகு ஒப்பந்தம் என்பது வழக்கம். மக்ஃபெரினுக்கோ பயிற்சி ஓர் ஆண்டைத் தாண்டியும் நீண்டது. ஒப்பந்தம் பிறகுதான் வந்தது. 'இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறார்கள்! பயிற்சி அறை வாசலாகவும் இருக்கலாம், காத்திருப்பு அறையாகவும் இருக்கலாம். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதனால்தான் முக்கியம்.

1955 ஜனவரி 7 அன்று மரியன் ஆண்டர்சன் வெர்தியின் 'மாஸ்கெரா' ஓபராவில் உல்ரிக்காவாக மெட் மேடை ஏறினார். அப்போது அவருக்கு 57 வயது. குரலின் உச்சக் காலம் போய்விட்டிருந்தது. அதே மாதம் மக்ஃபெரினும் ஏறினார். ஆண்டர்சனை அழைக்கும்படி உள்ளே இருந்து வற்புறுத்தியவர்களில் சில்வியாவும் ஒருவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நாள்காட்டியில் ஜனவரி 7 இருக்கிறது. சில்வியா வேலையில் சேர்ந்த நாள் எந்த நாள்காட்டியிலும் இல்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1951இல், வட கரோலினாவின் ட்ரையன் என்ற சிற்றூரிலிருந்து யூனிஸ் வேமன் என்ற 18 வயதுப் பெண் கர்ட்டிஸ் தேர்வுக்கு வந்தார். ஊரே பணம் சேர்த்துப் படிக்கவைத்த பிள்ளை. இடம் கிடைக்கவில்லை. நிறம்தான் காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். அவருக்குப் பிறகு தனியாகப் பாடம் சொன்ன கர்ட்டிஸ் ஆசிரியர் விளாடிமிர் சோகோலாஃப் அதை மறுத்தார்: நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, அந்த ஆண்டு போட்டியிட்டவர்கள் அவரைவிட மேல் என்றார். கர்ட்டிஸில் அதற்கு முன்பே கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஜார்ஜ் வாக்கர் 1945இல் முடித்தார், ப்ளான்ச் பர்ட்டன் 1954இல் முடித்தார்.

எது சரி என்று தீர்ப்பு எழுத எங்களால் முடியாது. எழுத வேண்டியதும் இல்லை. அந்தத் தேர்வு அறையில் வாசித்தவருக்கும் கேட்டவர்களுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு நாளில் உண்டானதல்ல. 11, 12 வயதில் அதே பெண் ஊர்க் கச்சேரியில், முன்வரிசையிலிருந்த தன் பெற்றோரை எழுப்பிப் பின்னால் அனுப்பியதைப் பார்த்து, அவர்கள் திரும்ப முன்னால் வரும்வரை வாசிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவரிடம் போய், இந்த ஒருமுறை மட்டும் நிறம் காரணமில்லை என்றால் எப்படி நம்புவார்?

கர்ட்டிஸ் கைவிட்ட பிறகு அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? பிலடெல்பியாவில் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு நிலையத்தில் மாணவர்களுக்குப் பியானோ வாசித்தார். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வேலை, அதன் அடிமட்டத்தில். பட்டமில்லாமல், மணிக்கணக்குக் கூலிக்கு. 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கூடம் ஒன்றில் கூடுதல் பணத்துக்காக வாசிக்கப் போனார். பாடவும் செய்தால்தான் வேலை என்றார் உரிமையாளர். பாடினார். தாய்க்குத் தெரியக் கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டார்: நீனா சிமோன்.

சில்வியா மெட்டில் சேர்ந்ததும் அதே 1954இல்தான்.

1970இல் சில்வியா ஓல்டன் லீ கர்ட்டிஸில் ஆசிரியராகச் சேர்ந்தார். யூனிஸ் வேமனைத் திருப்பி அனுப்பிய அதே நிறுவனத்தில், 1990 வரை, இருபது ஆண்டுகள் பாடகர்களுக்குப் பாட்டுப் பழக்கினார். இத்தாலிய, ஜெர்மன் பாடல்களோடு அடிமைகளின் பாடல்களையும் அதே கண்டிப்போடு கற்பித்தார். வெர்தியை மனம்போனபடி பாட முடியாது, சொல்லுக்கும் ஒலிக்கும் கணக்கு உண்டு என்றால், பருத்திக் காட்டில் பிறந்த பாட்டுக்கும் கணக்கு உண்டு. கொச்சை என்று ஒதுக்கிய உச்சரிப்பும் கற்றுக்கொள்ள வேண்டிய உச்சரிப்புத்தான். ஒரு மக்களின் பாட்டை நிகழ்ச்சியின் கடைசியில் கைதட்டலுக்காகச் சேர்ப்பது வேறு, பாடத்திட்டத்துக்குள் வைப்பது வேறு. பறையாட்டம் கல்லூரிக் கலைவிழாவில் இருக்கிறது, இசைக் கல்லூரி வகுப்பறையில் எவ்வளவு இருக்கிறது என்று நாம் கேட்பதும் இந்த வேறுபாட்டைத்தான்.

கர்ட்டிஸ் 2003இல் நீனா சிமோனுக்குக் கௌரவப் பட்டம் அறிவித்தது. அடுத்த சில நாள்களில், ஏப்ரல் 21 அன்று, அவர் இறந்தார். சில்வியா இறந்தது 2004 ஏப்ரல் 10.

சில்வியாவிடம் பாட்டுப் பழகியவர்களில் ஜெஸ்ஸி நார்மனும் கேத்லீன் பேட்டிலும் உண்டு. 1990 மார்ச் 18 அன்று நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அந்த இருவரும் அடிமைகளின் பாடல்களை மட்டுமே ஒரு மாலை முழுவதும் பாடினார்கள். அந்த நிகழ்ச்சியைத் திட்டமிட்டு உருவாக்கியதில் சில்வியாவின் கை இருந்தது. அப்போது அவருக்கு 72 வயது. ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, மாணவர்கள் கட்டாயம் கேளுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும்: பேட்டில், நார்மன், இசைக்குழுவை நடத்திய லெவைன். சில்வியாவின் பெயரைச் சிறிய எழுத்தில்தான் தேட வேண்டும்.